கப்பலில் வந்த மல்லி

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் இருக்கும். வேலியோரம் கறிவேப்பிலை நிற்கும். குளிக்கும் இடத்தின் தண்ணீர் ஓடும் பக்கமாக மஞ்சளும் இஞ்சியும் தழைத்திருக்கும். முருங்கை, பச்சை மிளகாய், கத்தரி, செராய், பாண்டான் என்று கை நீட்டினால் கிடைக்கும் பொருள்கள் பல. ஒரு குழம்புக்கு வேண்டியவற்றில் ஏறத்தாழ பாதி அங்கேயே விளைந்தது. ஆனால், அந்தக் குழம்புக்குக் கெட்டித் தன்மையையும் மணத்தையும் கொடுத்த பொருள் மட்டும் அங்கே விளையவில்லை. அது கடையிலிருந்து காகிதப் பொட்டலத்தில் வந்தது. கடைக்குச் சாக்கு மூட்டையில் வந்தது. அந்த மூட்டை கப்பலில் வந்தது. அந்தப் பொருள்தான் மல்லி.

மல்லி என்றால் தோட்டத்து மக்களுக்கு உலர்ந்த மணிதான் நினைவுக்கு வரும். இலையைக் கொத்தமல்லித் தழை என்று பிரித்துச் சொல்வர். கடைக்காரரிடம் தனியா என்று கேட்பவரும் உண்டு. பெயர்கள் பலவானாலும் செடி ஒன்றே. சீரகம், சோம்பு, ஓமம், காரட் ஆகியவை அடங்கிய தாவரக் குடும்பத்தில் பிறந்தது அது. அதன் சின்னஞ்சிறு வெள்ளைப் பூக்கள் குடைக்கம்பிகளைப் போல் விரிந்த காம்புகளின் நுனியில் பூக்கும். 'மல்லி விதை' என்று நாம் சொல்வது உண்மையில் விதையன்று. அது ஒரு கனி. ஒரு மணியை இரு விரல்களுக்கு இடையில் வைத்து அழுத்திப் பார்த்தால் அது சரிபாதியாகப் பிளக்கும். ஒவ்வொரு பாதிக்குள்ளும் ஒரு விதை இருக்கும். மல்லியின் வாசனை எண்ணெய் இந்த ஓட்டுக்குள் பத்திரமாக அடைபட்டிருக்கிறது. அதனால்தான் முழு மல்லி பல மாதங்கள் மூட்டையில் கிடந்தாலும் மணம் குன்றுவதில்லை. பொடித்துவிட்டால் அந்தக் காவல் போய்விடும். சில வாரங்களிலேயே மணம் மங்கத் தொடங்கும். கடல் கடக்க இதைவிடப் பொருத்தமான சரக்கு கிடைப்பது அரிது.

அப்படியானால், அதைத் தோட்டத்திலேயே பயிரிட்டிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். மல்லி இங்கே முளைக்காமல் இல்லை. மணியை இரண்டாகத் தேய்த்து உடைத்து விதைத்தால் பத்துப் பதினைந்து நாளில் முளைவிடும். ரசத்தில் கிள்ளிப் போடும் அளவுக்குத் தழையும் கிடைக்கும். அதன்பின்தான் சிக்கல். வெப்பம் மிகுந்த இடத்தில் மல்லிச் செடி நன்றாகத் தழைக்கும் முன்னரே அவசரமாகப் பூத்துவிடும். பூத்த பிறகு மழை விடாமல் பெய்தால் மணி சரியாகப் பிடிக்காது. பிடித்ததும் கறுத்துப் பூஞ்சணம் பூக்கும். மல்லிக்கு வேண்டியது, வளரும்போது இதமான குளிர். முற்றும்போது வறண்ட வெயில். தமிழ்நாட்டில் கோவில்பட்டி, விளாத்திகுளம், விருதுநகர் வட்டாரங்களின் கரிசல் நிலத்தில் அது அப்படித்தான் வளர்கிறது. ஐப்பசி மழையில் விதைக்கிறார்கள். மண்ணில் தங்கிய ஈரமும் மார்கழிப் பனியும் செடியை வளர்க்கின்றன. தை, மாசியில் மழையில்லாத வெயிலில் மணி முற்றிக் காய்கிறது. மலேசியாவில் மழை குறைந்த இடம் என்று புவியியல் பாடத்தில் சொல்லப்படும் ஜெலுபு, நெகிரி செம்பிலானில்தான் இருக்கிறது. அங்கேகூட ஆண்டுக்கு ஏறக்குறைய 1600 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. கரிசல் காட்டில் பெய்யும் மழை அதில் பாதியும் இராது. ரப்பருக்கு உகந்த வானம் மல்லிக்கு உகந்த வானம் அன்று.

பிறந்த இடத்தைவிட்டு நெடுந்தொலைவு போவது மல்லிக்குப் புதிதும் அன்று. மத்தியதரைக் கடலின் கிழக்குப் பகுதியையும் மேற்கு ஆசியாவையும் ஒட்டியே அதன் தாயகம் இருந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். 1922ஆம் ஆண்டில் எகிப்திய மன்னன் துத்தன்காமுனின் கல்லறை திறக்கப்பட்டது. பொன்னும் மணியுமாக அங்கே கிடைத்தவற்றை உலகம் வியந்து பார்த்தது. அந்தப் பொன்னுக்கு நடுவே கொஞ்சம் மல்லியும் இருந்தது. எகிப்தில் மல்லி காட்டுச் செடியாக வளர்வதில்லை. ஆகையால் 3300 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு யாரோ அதைக் கொண்டுவந்து பயிரிட்டிருக்க வேண்டும். கிரேக்க நாட்டின் மிகப் பழைய களிமண் பலகைகளிலும் அரண்மனைப் பண்டக் கணக்குகளில் மல்லியின் பெயர் எழுதப்பட்டுள்ளது. அந்தப் பெயரைக் கிரேக்க மொழியின் மூட்டைப்பூச்சியைக் குறிக்கும் சொல்லோடு இணைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. முற்றாத பச்சை மல்லிக்காயை நசுக்கி முகர்ந்தவர் அதை மறுக்கமாட்டார். அந்த நாற்றம் காய் முற்றி உலரும்போது மறைந்து, இனிய மணமாக மாறுகிறது.

இந்தியாவில் மல்லிக்குக் குஸ்தும்புரு என்ற வடமொழிப் பெயர் வழங்கியது. கிறிஸ்துவுக்கு முன் வாழ்ந்த இலக்கண ஆசிரியர் பாணினி இச்சொல்லைத் தம் நூலில் எடுத்தாண்டிருக்கிறார். கன்னடத்தில் கொத்தும்பரி, தெலுங்கில் கொத்திமீர, தமிழில் கொத்துமல்லி. மலாய் மொழியில் கெத்தும்பார். இந்தப் பெயர்களை வரிசையாக உரக்கச் சொல்லிப் பார்த்தால் உறவு காதில் விழும். இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த தமிழர்கள்தாம் மல்லியை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள் என்று நினைப்பது தவறு. அவர்களுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்திய வணிகர்களின் மரக்கலங்களில் மல்லி இங்கு வந்து சேர்ந்து, மலாய்ச் சொல்லாகவும் ஆகிவிட்டது. தோட்ட மக்கள் செய்தது வேறு. அவர்கள் அதை நாள்தோறும் வேண்டிய பொருளாக்கினார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நெகிரி செம்பிலானில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. காப்பி வீழ்ந்த பின் ரப்பர் எழுந்தது. ரந்தாவில் லின்சம், கொம்போக். போர்ட்டிக்சன் பக்கம் சுவா பெத்தோங். பகாவ் பக்கம் கெடிஸ், ஜெராம் பாடாங் என்று தோட்டங்களின் பெயர்கள் நீளும். அவற்றுள் சில, தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப் பலகைகளில் இன்றும் இருக்கின்றன. கங்காணிகள் மூலம் திரட்டப்பட்ட தமிழ்நாட்டுக் குடும்பங்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறின. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா என்ற கப்பலின் பெயரை அறியாத தோட்டத்து முதியவர் அக்காலத்தில் இல்லை. ஏறக்குறைய ஒரு வாரப் பயணத்துக்குப் பின் பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ ஆட்கள் இறங்கினர். ஆட்கள் வந்த அதே கடல்வழியாகத்தான் மல்லி, மிளகாய், புளி, பருப்பு, சீரகம் ஆகியவையும் வந்தன. 1938இல் உடலுழைப்புத் தொழிலாளர்களை உதவி கொடுத்து அனுப்புவதை இந்திய அரசு தடை செய்தது. ஆள் வரவு குறைந்தது. ஆனால், வந்து குடியேறியவர்களின் சமையலுக்கு மூட்டைகள் தொடர்ந்து வந்தன.

தோட்டத்துக் கடையில் மல்லி கட்டிக் கணக்கில் விற்றது. ஒரு கட்டி என்பது ஏறக்குறைய 600 கிராம். கையில் காசு இல்லாவிட்டாலும் பொருள் கிடைக்கும். கடைக்காரர் கடன் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். சம்பள நாளன்று கணக்குத் தீர்க்க வேண்டும். தீர்த்த மறுநாளே புதிய பக்கம் தொடங்கும். அரிசியையும் மல்லியையும் மிளகாயையும் அளவாக வாங்கத் தெரிந்த பெண்ணே குடும்பத்தைக் கரை சேர்த்தாள் என்று சொன்னால் அது மிகையாகாது.

வாங்கிய மல்லி குழம்பாகும் வரை நிறைய வேலை உண்டு. பால்மரம் சீவுவோர் விடியுமுன் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். குளிர்ச்சியான வேளையில்தான் மரத்தில் பால் நன்றாக வடியும் என்பதால் வெயில் ஏறுமுன் சீவி முடிக்க வேண்டும். பிறகு மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிச் சுமந்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்ப மதியமாகிவிடும். அதன்பின் அம்மியடியில் அடுத்த வேலை தொடங்கும். காய்ந்த மிளகாயை உப்புச் சேர்த்து முதலில் நசுக்குவர். அடுத்தது மல்லி. மல்லியின் ஓடு நார் மிகுந்தது. அவ்வளவு எளிதில் மசியாது. தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, குழவியை முன்னும் பின்னும் இழுத்து, வழித்து நடுவில் சேர்த்து, மீண்டும் இழுக்க வேண்டும். விரலில் எடுத்துத் தேய்த்தால் நெருடக் கூடாது. காலை நான்கு மணிக்கு எழுந்த கைகள் பிற்பகலில் இந்த வேலையைச் செய்தன என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ரப்பர்ப் பால் எத்தனை கட்டி என்று தோட்ட நிர்வாகம் நாள்தோறும் எழுதி வைத்தது. அம்மியில் அரைத்ததற்கு எந்தப் பதிவேட்டிலும் கணக்கில்லை.

அரைப்பதற்கு முன் மல்லியை வறுப்பவர்களும் உண்டு. வறுக்காமல் பச்சையாக அரைப்பவர்களும் உண்டு. இரண்டும் இரண்டு சுவை. பச்சை மல்லியில் எலுமிச்சையும் பூவும் கலந்தாற்போன்ற மணம் இருக்கும். மல்லி எண்ணெயில் பாதிக்கும் மேல் இருக்கும் லினலூல் என்ற பொருளின் மணம் அது. சிறு தீயில் வறுத்தால் அம்மணம் சற்றுத் தணிந்து, கொட்டையை வறுத்தாற்போன்ற வேறொரு மணம் எழும். மணி லேசாகப் பொரியும் ஓசை கேட்டதும் இறக்கிவிட வேண்டும். ஒரு நிமிடம் தாமதித்தால் கசக்கும். கசந்ததை எந்தப் புளியும் சரிசெய்யாது. பொதுவாக ஒரு பங்கு மிளகாய்க்கு இரண்டு அல்லது மூன்று பங்கு மல்லி சேர்ப்பர். கருவாட்டுக் குழம்புக்கும் மீன் குழம்புக்கும் வெந்தயம் கொஞ்சம் கூடும். கோழிக்கும் ஆட்டிறைச்சிக்கும் சோம்பு, பட்டை, கிராம்பு, அன்னாசிப் பூ சேரும். எல்லாவற்றுக்கும் அடியில் மல்லி இருக்கும். காரத்தை மிளகாய் கொடுக்கிறது, நிறத்தை மஞ்சள் கொடுக்கிறது. மல்லியின் ஓட்டுத் தூள் நீரை உறிஞ்சி உப்பிக் குழம்பைக் கெட்டியாக்குகிறது. மிளகாயின் கடுமையையும் தணிக்கிறது. வீட்டில் இறைச்சி குறைவாகவும் பிள்ளைகள் அதிகமாகவும் இருந்தபோது, கெட்டியான குழம்பு இருந்தால் இன்னொரு தட்டுச் சோறு இறங்கும்.

சமையலுக்கு அப்பாலும் அதற்கு வேலை இருந்தது. சளி, தலைபாரம் என்றால் சுக்கையும் மல்லியையும் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்துக் கொடுப்பர். ஊரில் அதற்குக் கருப்பட்டி. இங்கே கருப்பட்டி இல்லாதபோது குலா மலாக்கா. தொண்டைக்கு இதமாக இருக்கும்; மருத்துவரிடம் காட்ட வேண்டிய காய்ச்சலுக்கு அது மட்டும் போதாது. இலங்கையிலும் மல்லியையும் இஞ்சியையும் கொதிக்க வைத்துக் குடிக்கும் வழக்கம் வீட்டுக்கு வீடு உண்டு.

1942 ஜனவரியில் ஜப்பானியப் படை சிரம்பானைப் பிடித்தது. அடுத்த மாதம் சிங்கப்பூரும் வீழ்ந்தது. இந்தியாவிலிருந்து வரும் கப்பல்கள் நின்றன. ரப்பரை வாங்குவாரில்லை, தோட்டங்களில் வேலையும் கூலியும் போயின. அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் சோற்றின் இடத்தைப் பிடித்தன. சயாம் இரயில் பாதை போடத் தோட்டங்களிலிருந்து ஆண்கள் கொண்டு செல்லப்பட்டனர். பலர் திரும்பவே இல்லை. அந்தத் துயரத்துக்கு முன்னால் மல்லி இல்லாதது பெரிதா என்று கேட்கலாம். ஆனால், அடுப்படியில் நின்றவர்களுக்கு அந்த மூன்றரை ஆண்டுகள் இப்படித்தான் நாள்தோறும் முகம் காட்டின. வீட்டுக்குப் பின்னால் விளைந்தது மட்டுமே மிஞ்சியது. மிளகாய் இருந்தது, மஞ்சள் இருந்தது, கறிவேப்பிலை இருந்தது. இந்தியப் புளி இல்லாவிட்டால் அசாம் கெப்பிங் கைகொடுத்தது. கீரையும் கிழங்கும் இவற்றோடு வெந்தன. மல்லிக்கு மாற்றாக மண்ணில் எதுவும் விளையவில்லை. குழம்பு என்று அதை அழைத்தாலும் அது தண்ணீராகத்தான் இருந்திருக்கும். 1945இல் போர் முடிந்து மீண்டும் சரக்குக் கப்பல்கள் வரத் தொடங்கிய பிறகே பழைய குழம்பு தட்டுக்குத் திரும்பியது.

தோட்டத்து வேலிக்கு வெளியே நெகிரி செம்பிலானின் மலாய்ச் சமையலில் மல்லி அவ்வளவு முதன்மை பெறவில்லை என்பது வியப்பான செய்தி. இம்மாநிலத்தின் பெயர் சொல்லும் உணவு மாசாக் லெமாக் சீலி அப்பி. தேங்காய்ப்பால், மஞ்சள், ஊசி மிளகாய், செராய் ஆகியவற்றால் ஆனது அது. அதில் மல்லி இல்லை. தேங்காய்ப்பாலே அதற்குக் கெட்டித் தன்மை கொடுத்துவிடுகிறது. கூட்டுப் பொருள்கள் எல்லாம் வீட்டைச் சுற்றியே விளைபவை. ஒரே மண்ணில் அக்கம்பக்கத்தில் கொதித்த இரு குழம்புகளில் ஒன்று மண்ணை நம்பியது. மற்றொன்று கப்பலை நம்பியது. சாத்தே இறைச்சியை ஊறவைக்கும் கலவையில் கெத்தும்பார் வரும். மலாக்காவின் பாபா நோன்யா மக்கள் மல்லித்தூளையும் புளியையும் சேர்த்து ஆயாம் சியோ என்ற கோழிக்கறி சமைக்கின்றனர். சீனர் சமையலில் மணியைவிடத் தழைக்கே மதிப்பு. வேகவைத்த மீனின் மேலும் கஞ்சியின் மேலும் கடைசியாகத் தூவுவர். அப்படிக் கடைசியில் தூவுவதற்குக் காரணம் உண்டு. தழையின் மணம் சூடு தாங்காது, ஆவியோடு போய்விடும். அந்த மணத்தைச் சோப்பு நாற்றம் என்று முகம் சுளிப்பவர்களும் இருக்கிறார்கள். அது வெறும் செல்லமன்று. மணம் அறியும் மரபணு ஒன்றில் உள்ள வேறுபாட்டுக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதை 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

தழை வாங்க முடியாதவர்களுக்கு நிலமே ஒரு மாற்றும் வைத்திருந்தது. நீண்ட, ஓரத்தில் முள் போன்ற பற்களுடைய இலை. கசக்கினால் கொத்தமல்லித் தழையைவிட வலிய மணம். மலாய்க்காரர்கள் இதைக் கெத்தும்பார் ஜாவா என்பர். பெயரில் ஜாவா இருந்தாலும் இதன் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. ஈரமும் நிழலும் உள்ள இடத்தில் நன்றாக வளரும் இச்செடிக்கு நம் நாட்டு மழை ஒரு தடையே இல்லை. ஆனால், இதிலிருந்து கிடைப்பது இலை மட்டுமே. குழம்புக்கு அரைக்க மணி கிடைக்காது.

1960களுக்குப் பிறகு ரப்பர் மரங்கள் சாய்க்கப்பட்டு எண்ணெய்ப்பனை நடப்பட்டது. தோட்டக் குடும்பங்கள் சிரம்பான், நீலாய் போன்ற பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்தன. அடுக்குமாடி வீட்டில் அம்மியைப் போட இடமில்லை. மாடிக்கு அதைத் தூக்கிச் செல்லவும் ஆளில்லை. மல்லியைக் கழுவி, பாயில் வெயிலில் உலர்த்தி, வறுத்து, பட்டணத்து அரவை மில்லில் கொடுத்துப் பொடித்து வரும் பழக்கம் ஏற்பட்டது. தீபாவளிக்கு முன் மில் வாசலில் டின்களோடு வரிசை நிற்கும். முன்னவர் அரைத்த மிளகாய் தம் மல்லியில் கலந்துவிடக் கூடாதே என்று இயந்திரத்தின் அருகிலேயே காவல் நிற்பவர்களும் உண்டு. பின்னர் இறைச்சிக்கு ஒன்று, மீனுக்கு ஒன்று என்று பொட்டலத் தூள் வந்தது. வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை, பிற்பகல் அம்மியை நினைத்துப் பார்த்தால் புரியும். இழப்பும் உண்டு. ஒரு வீட்டுக் குழம்புக்கும் அடுத்த வீட்டுக் குழம்புக்கும் இருந்த வேறுபாடு, மல்லியை வறுத்த பதத்திலும் சேர்த்த பங்கிலும் இருந்தது. அது எழுதிவைக்கப்படாத கணக்கு. கையை அளவாகக் கொண்டு சமைத்த பாட்டியிடம் கேட்டு இப்போது எழுதி வைத்துக்கொள்ளும் வீடுகளும் இருக்கின்றன.

இன்றும் மலேசியாவுக்கு வேண்டிய மல்லியில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தே வருகிறது. இராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், குஜராத் ஆகியவை அதிகம் விளைவிக்கும் மாநிலங்கள். இராஜஸ்தானின் இராம்கஞ்ச் மண்டி, மல்லிச் சந்தைக்கென்றே பெயர் பெற்ற ஊர். தழைக்கு மட்டும் கடல் கடக்க வேண்டியதில்லை. குளிர்ந்த கேமரன் மலையில் அது நன்றாக விளைகிறது. வாங்கும்போது நிறம் வெளிறாத, ஓட்டையில்லாத மணியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு மணிகளை உள்ளங்கையில் நசுக்கி முகர்ந்தால் பழையதா புதியதா என்பது உடனே தெரிந்துவிடும். வீட்டில் தழைக்காக விதைக்க விரும்புவோர் மணியை உடைத்து, இரவு முழுதும் ஊறவைத்து, நேர் வெயில் படாத தொட்டியில் தூவலாம். முப்பது நாற்பது நாளில், பூக்காம்பு நீளுமுன் அறுத்துவிட வேண்டும். மணிக்காகக் காத்திருந்து பயனில்லை.